சனியின் மேல் பழி போட்டவனுக்கு

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் ஏசி போட்ட ஆபீஸ், மூன்று வேளையும் தேடி வரும் சாப்பாடு, உனக்கென்ன குறை. நலம் கெட்டுக் கிடப்பது இங்கே மலைமேல், என் தம்பி வீட்டில். கெடுத்தவன் நீ. அதனால் இந்தக் கடிதத்தில் அன்பையும் ஆசியையும் தேடாதே. வயிறு எரிந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து நம் ஊர் வாட்சப் குழுவில் போடப் போகிறேன். வீட்டு விஷயத்தை எதற்கு சந்திக்கு இழுக்கிறாய் என்று கேட்பாய். இழுத்தவன் நீதான். உன் மாமனுக்கு, என் தம்பிக்கு, நீ அனுப்பிய குரல் செய்தியை, அர்த்தம் புரியாமல் அவன் யாரிடமோ கேட்கப் போக, அது கை மாறிக் கை மாறி அதே குழுவுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு ஜவ்வாது மலையில் போன் வைத்திருக்கிற எல்லோரிடமும் உன் குரல் இருக்கிறது.

நீ பேசியது உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். "மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. இப்ப சனி வக்ரத்துல கீது. திரும்பி நடக்கிற நேரம். இந்த நேரத்துல கல்யாணம் வெச்சா ரெண்டு வூட்டுக்கும் ஆவாது. வக்ரம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." இவ்வளவுதான். உனக்கும் என் தம்பி மகள் செண்பகத்துக்கும் பரிசம் போட்டு, ஊரே சாப்பிட்டுக் கை கழுவி, அவளுக்குப் புடவை எடுக்க வாணியம்பாடிக்கு எப்போது போகலாம் என்று நானும் என் தம்பியும் பேசிக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு செய்தி. குரலில் அப்படி ஒரு பணிவு. அதைக் கேட்டு முதலில் நானே ஒரு நிமிஷம் பயந்துபோனேன். என் மகன் சொல்கிறானே, ஏதோ இருக்கும் என்று சாமி படத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சனி என்றால் நம் ஆட்களுக்குப் பயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கீழே இருந்து ஒரு ஜோசியக்காரன் வந்து இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள், மீதிப் பேர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நீ சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். காலேஜில் இயற்பியல் படித்தவன் நீ. லீவுக்கு வந்தால் காவலூர் வானாய்வுக் கூடத்துக்குப் போய், டெலஸ்கோப்பில் பார்க்க வரிசையில் நிற்கும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் சனியின் வளையத்தைப் பற்றி விளக்கிச் சொல்வாய். அதை நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கு வரும் தாய்மார்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். "வானத்தப் பத்தி அந்தப் புள்ளைக்குத் தெரியாததா" என்றுதான் இப்போது ஊரில் பேசுகிறார்கள். உன் படிப்பை வைத்துத்தான் இந்த ஊரை ஏமாற்றியிருக்கிறாய்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ வேண்டுமானால் இந்த இடத்தைத் தாண்டிப் போ, வெட்கம் இருந்தால் படி. நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது என் தம்பி களத்தில் சாமை அடித்து முடித்திருந்தோம். தாளெல்லாம் நடுவில் குவிந்து கிடந்தது. எங்கிருந்தோ உனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் குவியல்தான் சூரியன் என்றாய். செண்பகத்தைக் கூப்பிட்டு, குவியலை ஒட்டிச் சின்ன வட்டமாக ஓடச் சொன்னாய். அவள் பூமி. என் தம்பியைக் களத்தின் ஓரமாகப் பெரிய வட்டத்தில், அவள் ஓடுகிற அதே பக்கமாக, மெல்ல நடக்கச் சொன்னாய். அவன் சனி. "நீ ஓடிக்கினே உங்கப்பாவப் பாரு. அவருக்குப் பின்னால தூரத்துல எந்த மரம் தெரியுதுன்னு சொல்லிக்கினே வா" என்றாய். அவளும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டே சொன்னாள். "புளியமரம்... தாண்டிட்டாரு, பலா மரம்... பலாவுலயே நிக்கிறாரு... இன்னா இது, மறுபடியும் புளியமரத்தாண்ட போறாரு. அப்பா, நீ பின்னால நடக்கிற."

என் தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. "நா எங்க பின்னால நடந்தேன்? செவனேன்னு நேராத்தான் நடந்துக்கினு கீறேன்" என்று களத்தில் நின்று கத்தினான். நான் சிரித்துச் சிரித்து முறத்தைக் கீழே போட்டேன். செண்பகத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "அவரு நேராத்தான் போறாரு. நான் வேகமா ஓடி அவரத் தாண்டிப் போறப்ப எனக்கு அப்பிடித் தெரியுது" என்றாள். அதேதான் என்று நீ கை தட்டினாய். வானத்திலும் நடப்பது இதுதான் என்று எனக்கு நீயே சொன்னாய். பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடுகிறது. சனி வெளிவட்டத்தில் மெல்லப் போகிறது. அந்த மரங்கள் இருந்த இடத்தில் நட்சத்திரங்கள். எப்போதும் நட்சத்திரங்களுக்கிடையே மேற்கிலிருந்து கிழக்காக நகரும் சனி, பூமி அதைத் தாண்டிப் போகும் சில மாதங்களில் மட்டும் நின்று, பின்னோக்கி வருவதாகத் தெரியும். தாண்டி முடிந்ததும் பழையபடி முன்னால் போவதாகத் தெரியும். பஞ்சாங்கத்தில் இதைத்தான் வக்ரம் என்று போடுகிறார்கள். சனி ஒரு அடிகூடத் திரும்பி வைப்பதில்லை. சொல்லப்போனால் அந்த மாதங்களில்தான் அது நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, பொழுது சாய்ந்ததும் கிழக்கே நல்ல வெளிச்சமாக ஏறி வருகிறது. இதெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. உன் வாயிலிருந்து கேட்டதுதான்.

இப்போது உனக்கு உறைக்கிறதா? அன்றைக்குச் சனியாக நடந்தவனையே சனியைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறாய். பூமியாக ஓடியவளின் கல்யாணத்தை அதைச் சொல்லியே நிறுத்தியிருக்கிறாய். தம்பியிடம் போய் நான் களத்தை ஞாபகப்படுத்தினேன். "ஏன்டா, நீயே நடந்தியே, பின்னாலயா போன?" என்று கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அது வெளாட்டு அக்கா. இது சாஸ்திரம். படிச்ச புள்ள, சும்மா சொல்லுமா?" என்றான். இவ்வளவு நம்பிக்கையை உன்மேல் வைத்தவன் தலையில் கல்லைப் போட எப்படியடா மனசு வந்தது?

அவன் அதோடு நிற்கவில்லை. யார் மேல் தோஷம் என்று தெரிந்துகொள்ள ஆலங்காயத்துக்கு ஜோசியரிடம் போனான். ஜாதகம் இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்கிறார். நம் மலையில் யாருக்கு ஜாதகம் எழுதினார்கள்? இவன் செண்பகத்தின் பள்ளிக்கூடச் சான்றிதழை நீட்டியிருக்கிறான். அவர் அதிலிருந்த தேதியைக் கம்ப்யூட்டரில் தட்டி, கட்டம் போட்டு, பெண்ணுக்குத்தான் சனி சரியில்லை என்று அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தத் தேதி என்ன தேதி என்று உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் எப்போது பிறந்தது என்று ஹெட்மாஸ்டர் கேட்பார். நாம் சாமை அறுக்கும்போது, புளி உலுக்கும்போது என்று சொல்வோம். அவர் வயசைக் குத்துமதிப்பாகப் பார்த்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். நம் ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். நீயும் ஜூன், அவளும் ஜூன். நீ பிறந்தபோது நான் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு கிடந்தேன், கூரை ஒழுகியது. ஹெட்மாஸ்டர் எழுதிய தேதியில் எந்தச் சனி வந்து உட்காரும்? இதெல்லாம் உன் மாமனுக்கும் தெரியும். பயம் வந்தால் மனுசனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியது உன் குரல்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே. போன வாரம் பக்கத்து வீட்டில் கல்யாணம். செண்பகம் ஆலங்காயத்தில் மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலிருந்து அங்கே வேலை செய்துகொண்டிருந்தாள். பெண்ணுக்கு நலங்கு வைக்கும் நேரம். மஞ்சள் தட்டை எடுத்துக்கொண்டு இவள் முன்னால் வந்தாள். பெண்ணின் பெரியம்மா வந்து தட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ போயி பந்தியப் பாரும்மா, இங்க வேணாம்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. செண்பகம் தட்டை விட்டுவிட்டுப் போய்ப் பந்தியில் தண்ணீர் ஊற்றினாள். நான் அங்கேதான் நின்றேன். நீ அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்த மஞ்சள் தண்ணீரை உன் முகத்தில் ஊற்றியிருப்பேன்.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்தவுடன் மழையா, வெயிலா என்று ஆரம்பித்தாய். களத்துல நீ சொன்னது நெசமா, இப்ப சொல்றது நெசமா என்று கேட்டேன். நீ சொன்னாய். "அம்மா, எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லம்மா. நேரா சொன்னா மாமா மனசு ஒடைஞ்சிடும். இப்பிடிச் சொன்னா யார் மேலயும் தப்பு வராதுன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் போனா அவங்களே வேற எடம் பாத்துப்பாங்க." இதைச் சொல்லிவிட்டு நீ எதையோ இறக்கி வைத்த மாதிரி பெருமூச்சு விட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன், கேள்.

யார் மேலும் தப்பு வராதா? தப்பு என்று ஒன்று வந்தால் யார் தலையிலாவது இறங்கியே தீரும். உன் தலையில் இறங்க வேண்டியதை நீ வானத்துக்குத் தள்ளிவிட்டாய். வானம் அதை வாங்கி வைத்துக்கொள்ளுமா? நேராக அந்தப் பெண் தலையில் வந்து விழுந்தது. உனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. பெங்களூரில் வேறு யாரையாவது பிடித்திருந்தால் பிடித்திருக்கட்டும். அதற்காக உன்னை நான் அடிக்க வரப்போவதில்லை. பரிசத்துக்கு முன்னால் உன்னிடம் எத்தனை தடவை கேட்டேன். சம்மதமா, வாயைத் திறந்து சொல் என்றேன். "உங்க இஷ்டம்" என்று போனை நோண்டிக்கொண்டே சொன்னாய். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கே உன் போனைப் பிடுங்கி வீசியிருப்பார்.

உன் அப்பாவுக்கு இடது காது கேட்காது. உனக்குத் தெரியும். என்னைப் பரிசம் போட வந்த அன்று, அதை வெளியில் சொல்ல வேண்டாம், தாலி கட்டிய பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்று அவருடைய சித்தப்பனே காதில் ஓதியிருக்கிறார். அதுவும் கேட்காத காதில் ஓதினாரோ என்னவோ. ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் வெற்றிலைத் தட்டை மாற்ற எடுக்கும்போது இவர் எழுந்து, "எனக்கு ஒரு காது கேக்காதுங்க. பொண்ணுகிட்டச் சொல்லிட்டு அப்பறம் மாத்துங்க" என்றார். ஊரே சிரித்தது. என் அப்பா உள்ளே வந்து என்னிடம் கேட்டார். நான் சரி என்றேன். அவரோடு வாழ்ந்ததில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அவர் என்னிடம் எதையும் மறைத்தார் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குப் பிறந்தவன் நீ. படிப்பில்லாத மனுசன் எழுந்து நின்று சொன்னதை, படித்த நீ போனில்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்றாயே, நம் ஊர்க் கட்டு உனக்கு மறந்துவிட்டதா, இல்லை தெரிந்தேதான் சொன்னாயா? பரிசம் போட்ட பெண் நம் வீட்டுப் பெண். அந்தப் பரிசத்தை அறுக்காமல் வேறு யாரும் அவளைக் கேட்டு வாசலில் கால் வைக்க மாட்டார்கள். அறுப்பதென்றால் மாப்பிள்ளை ஊர் நடுவில் வந்து, பெண் மேல் குறை இல்லை, எனக்குத்தான் வேண்டாம் என்று சொல்லி, பெண்ணைப் பெற்றவன் காலில் விழ வேண்டும். நீ வேண்டாம் என்றே சொல்லவில்லையே, தள்ளி வைக்கலாம் என்றுதானே சொன்னாய். அதனால் அவள் கட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். வக்ரம் முடியட்டும் என்றாய். இந்த வருஷத்து வக்ரம் முடியும். பூமி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சனியை மறுபடி தாண்டும், அடுத்த வருஷமும் வக்ரம் வரும். அதற்கடுத்த வருஷமும் வரும். இதுவும் நீ சொல்லிக் கொடுத்ததுதான். வருஷா வருஷம் வருகிற ஒன்றைக் காட்டி ஒரு பெண்ணைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாய். அவளுக்கு வயசு ஏறாதா?

செண்பகத்தைப் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். வேலைக்குப் போகிற புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அத்தே, வேணாம்னா வேணாம்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். கோவம் வந்திருக்கும், ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதான். இப்ப ஊரு பூரா நா சனியப் புடிச்சி வெச்சிக்கிற மாதிரி பாக்குது. நா யாருகிட்ட போயி இன்னான்னு சொல்றது?" என்றாள். அப்புறம், "அவருக்கு வானம் புரிஞ்ச அளவுக்கு எனக்கும் புரிஞ்சிதுன்னு தெரியுமில்ல, எங்க வூட்டுக்கே இத எப்பிடிச் சொல்லி அனுப்புனாரு?" என்று கேட்டாள். பதில் உன்னிடம் இருந்தால் வந்து சொல். உன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி நான் இனி கேட்க மாட்டேன். நீ வந்து கேட்டாலும் பெண்ணைக் கொடுக்காதே என்று என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு உன்னைவிட நல்லவன் கிடைப்பான். அவளை அவிழ்த்துவிட்டுப் போ, அது போதும்.

நேற்று ஊர்க் கவுண்டரைப் பார்த்தேன். மகன் வரவில்லை என்றால் தாய் வந்து பரிசத்தை அறுக்கலாமா என்று கேட்டேன். "நம்ம கட்டுல அப்பிடி நடந்ததில்லம்மா, ஆம்பள வந்து சொல்லணும்" என்றார். நான் எழுந்து வரவில்லை. அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், இன்னும் இரண்டு பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்து சொன்னார். மகன் வராவிட்டால் அவன் சொல்ல வேண்டியதைத் தாய் சொல்லலாம். ஆனால் அவன் செய்ய வேண்டியதையும் தாயே செய்ய வேண்டும். அக்கா தம்பி காலில் விழுந்ததாக நம் மலையில் நான் கேள்விப்பட்டதில்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இதைக் கேட்டுவிட்டு அவன் ஓடி வந்தான். "அக்கா, நீ வுழாத. நீ வுழுந்தீனா நா அப்பறம் உசுரோட இருந்து இன்னா பிரயோஜனம்?" என்று வாசலில் நின்று அழுதான். போய், உன் மகள் கையிலிருந்து மஞ்சள் தட்டைப் பிடுங்கினார்களே, அதை யோசித்துப் பார் என்று சொல்லி அவனை அனுப்பினேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடுகிறது. வருகிறேன், வரவில்லை என்று எனக்குப் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். பெங்களூரிலிருந்து ராத்திரி கிளம்பினால் மலைக்கு வரும் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம், அது உனக்கே தெரியும். அந்த பஸ் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அது வந்து நிற்பது எல்லோருக்கும் கேட்கும், எனக்கும் கேட்கும். யார் இறங்குகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பஸ் கிளம்பிப் போன பிறகும் என் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை என்றால், நான் குனிந்து என் தம்பி காலைத் தொடுவேன்.